போர்க்கால நாணயங்கள்: சேகரிப்பாளர்களும் சிசிலித் தீவின் மண்ணும்

இத்தாலியின் சிசிலித் தீவின் தலைநகரான பலேர்மோவில், ஒலிவெல்லா சதுக்கத்தை ஒட்டிய பழைய மடாலயக் கட்டிடம் ஒன்றில் அந்தோனினோ சலினாஸ் பிராந்தியத் தொல்லியல் அருங்காட்சியகம் அமைந்துள்ளது. சிசிலியின் பண்டைய நாணயங்களின் பெரும் தொகுப்பு ஒன்று இங்கே பாதுகாக்கப்படுகிறது. வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜும் இத்தாலியின் ரோமும் இத்தீவுக்காகப் போரிட்ட காலத்துக் காசுகளும் அவற்றுள் அடங்கும்.

இத்தகைய போர்க்கால நாணயங்களை விரும்பிச் சேகரிப்போர் உலகெங்கும் உள்ளனர். 2,200 ஆண்டுகளுக்கு முன் ஒரு கூலிப்படை வீரனின் கையில் இருந்த காசை இன்று ஒருவர் தம் உள்ளங்கையில் வைத்துப் பார்க்க முடிகிறது என்பதே இந்த ஆர்வத்துக்கு முதற்காரணம்.

ஆனால் இந்த ஆர்வம் ஒரு நீண்டகாலச் சர்ச்சையையும் உருவாக்கியுள்ளது. நாணயங்களைத் தேடிச் சேர்த்தவர்கள் வரலாற்றைக் காப்பாற்றினார்களா, அல்லது அந்த வரலாற்றுக்கான சான்றுகள் மண்ணிலிருந்து அழியக் காரணமானார்களா என்பதே அச்சர்ச்சை. இதற்கு மிகத் தெளிவான விடைகள் கிடைக்கும் இடங்களில் ஒன்றாக சிசிலி இருக்கிறது.

போருக்காகப் பிறந்த நாணயம்

பலேர்மோவைக் கிமு 8 ஆம் நூற்றாண்டு வாக்கில் நிறுவியவர்கள் பினீசியர்கள். கிரேக்கர்கள் இதனை பனோர்மோஸ் என்று அழைத்தனர். முழுவதும் துறைமுகம் என்பது அதன் பொருள். இங்கே அச்சிடப்பட்டவையாகக் கருதப்படும் பினீசிய எழுத்து நாணயங்களில் ‘ஸிஸ்’ என்ற சொல் காணப்படுகிறது. அதுவே நகரின் பினீசியப் பெயர் என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

மத்தியதரைக் கடல் வணிகத்தில் கோலோச்சிய கார்த்தேஜ், வியப்புக்குரிய வகையில், நீண்ட காலம் தனக்கென நாணயம் அச்சிடவில்லை. அதன் வணிகத்துக்கு எடைபோட்ட உலோகமும் பண்டமாற்றுமே போதுமானவையாக இருந்தன. கிமு 5 ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிசிலியில் கிரேக்க நகரங்களுக்கு எதிராக அது பெரும் படையெடுப்புகளைத் தொடங்கியபோதுதான் நிலைமை மாறியது. கிமு 409 இல் செலினூஸ், ஹிமேரா ஆகிய நகரங்கள் அழிக்கப்பட்டன. கிமு 406 இல் அக்ரகாஸ் வீழ்ந்தது.

கார்த்தேஜின் படையில் பெரும்பகுதி கூலிப்படையினரே. ஐபீரியர், லிபியர், காலியர், கம்பானியர் எனப் பல இனத்தவர் அதில் இருந்தனர். சிசிலியின் கிரேக்க நாணயங்களுக்குப் பழகிப்போன அவர்கள், அதே தரமும் அதே எடையும் கொண்ட வெள்ளிக்காசுகளையே கூலியாக ஏற்றனர். ஆகவே கார்த்தேஜ் கிரேக்க எடை அளவைப் பின்பற்றி, கிரேக்கச் சிற்பிகளின் பாணியிலேயே நாணயங்களை அச்சிடத் தொடங்கியது.

சிரக்கூஸ் நகரின் புகழ்பெற்ற காசுகளில் இருந்த பெண் தெய்வத்தின் தலை, கார்த்தேஜின் காசுகளிலும் இடம்பெற்றது. மறுபக்கத்தில் குதிரையும் பேரீச்சை மரமும் பொறிக்கப்பட்டன. கிரேக்க மொழியில் ‘பொய்னிக்ஸ்’ என்ற சொல் பேரீச்சையையும் பினீசியரையும் குறிக்கும். காசைக் கையில் வாங்கும் கிரேக்கமொழி வீரன், அதை வெளியிட்டவர் யார் என்பதை அந்த மரத்தைக் கண்டே புரிந்துகொண்டிருப்பான்.

இக்காசுகளில் உள்ள பினீசிய எழுத்துகள் இன்னும் தெளிவான சான்று. சிலவற்றில் ‘மஹனத்’ என்ற சொல் காணப்படுகிறது. படைமுகாம் என்பது அதன் பொருள். வேறு சிலவற்றில் உள்ள சொல்லுக்குக் கணக்கர்கள் என்று பொருள் கூறப்படுகிறது. ஒரு நகரத்தின் பெயரையோ அரசனின் பெயரையோ தாங்கவேண்டிய இடத்தில், படையின் பெயரையும் அதற்குச் சம்பளம் பட்டுவாடா செய்த அதிகாரிகளின் பதவிப் பெயரையும் இந்தக் காசுகள் தாங்கி நிற்கின்றன.

பலேர்மோவின் வீழ்ச்சி

கிமு 264 முதல் 241 வரை நீடித்த முதலாம் பியூனிக் போரில் பலேர்மோ முக்கிய இலக்கானது. கிமு 254 இல் ரோமானியர்கள் நகரைக் கைப்பற்றினர். அப்போது நபர் ஒருவருக்கு இரண்டு மினா வெள்ளி வீதம் மீட்புப்பணம் செலுத்த முடிந்த சுமார் 14,000 பேர் விடுவிக்கப்பட்டதாகவும், செலுத்த இயலாத சுமார் 13,000 பேர் அடிமைகளாக விற்கப்பட்டதாகவும் பண்டைய வரலாற்றாசிரியர் தியோதோரஸ் எழுதியுள்ளார். இரண்டு மினா என்பது கிரேக்கக் கணக்கில் 200 திராக்மா வெள்ளிக்காசுகள்.

கிமு 250 இல் நகரை மீட்க வந்த கார்த்தேஜின் படையை, லூசியஸ் கெசிலியஸ் மெத்தெல்லஸ் என்ற ரோமானியத் தளபதி பலேர்மோவின் மதிலுக்கு வெளியே முறியடித்தார். அவர் கைப்பற்றிய போர் யானைகள் ரோமுக்குக் கொண்டுசெல்லப்பட்டு மக்களுக்குக் காட்டப்பட்டன. ஒரு நூற்றாண்டுக்கு மேல் கடந்தபின், அவரது வழிவந்தவர்கள் நாணயம் வெளியிடும் பொறுப்பை ஏற்றபோது தங்கள் காசுகளில் யானையைப் பொறித்தனர். கிமு 125 வாக்கில் வெளியான ஒரு காசில் யூப்பிட்டர் தெய்வம் இரண்டு யானைகள் இழுக்கும் தேரில் வருகிறார். அந்த யானை பலேர்மோ வெற்றியின் குடும்பச் சின்னம்.

போரின் பிற்பகுதியில், கிமு 247 முதல் ஹன்னிபாலின் தந்தை ஹமில்கார் பார்கா பலேர்மோவுக்கு அருகே ஹெய்ர்க்தே என்ற மலையில் பாசறை அமைத்து ரோமானியர்களுக்குத் தொல்லை கொடுத்தார். அம்மலை எது என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நகருக்கு வடக்கே கடலோரமாக உயர்ந்து நிற்கும் பெல்லெக்ரினோ மலையே அது என்பது நீண்ட காலமாகச் சொல்லப்படும் கருத்துகளில் ஒன்று.

பலேர்மோ வாழ் இலங்கைத் தமிழர்களுக்கு இந்த மலை மிகவும் பழக்கமானது. 1980-கள் முதல் இந்நகரில் குடியேறிய தமிழர்களில் கத்தோலிக்கர்களும் இந்துக்களுமாகப் பலர், நகரின் காவல் புனிதையான சாந்தா ரொசாலியாவின் குகைக் கோவிலை வழிபட இம்மலை மீது ஏறிச் செல்கின்றனர்.

காசு தீர்ந்த வல்லரசு

முதலாம் பியூனிக் போரை முடிவுக்குக் கொண்டுவந்தவற்றில் பணமும் ஒன்று. போரின் கடைசிக் கட்டத்தில் கார்த்தேஜ், எகிப்து மன்னர் தாலமியிடம் 2,000 தாலந்து வெள்ளி கடன் கேட்டதாகவும், இரு தரப்பும் தமக்கு நண்பர்களே என்று கூறி அவர் மறுத்துவிட்டதாகவும் அப்பியன் என்ற வரலாற்றாசிரியர் குறிப்பிடுகிறார். கிமு 241 இல் சிசிலியின் மேற்குக் கரைக்கு அப்பால் எகாதித் தீவுகளின் அருகே நடந்த கடற்போரில் கார்த்தேஜ் தோற்றது. சிசிலியைக் கைவிட்டதோடு 3,200 தாலந்து வெள்ளியை இழப்பீடாகச் செலுத்தவும் அது ஒப்புக்கொண்டது.

சம்பளப் பாக்கியைப் பெறாத கூலிப்படையினர், தாயகம் திரும்பிய கார்த்தேஜின் மீதே பாய்ந்தனர். லிபிய மக்களும் அவர்களுடன் சேர்ந்தனர். மூன்று ஆண்டுகளுக்கும் மேல் நீடித்த அக்கிளர்ச்சியில், கிளர்ச்சியாளர்களும் தங்களுக்கென நாணயம் வெளியிட்டனர். கார்த்தேஜின் பழைய காசுகளையே சூடாக்கி அவற்றின் மீது புதிய முத்திரையை அடித்து, கிரேக்க எழுத்தில் ‘லிபியர்களுடையது’ என்று பொறித்தனர்.

1980-களில் பிரிட்டிஷ் அருங்காட்சியக ஆய்வாளர்கள் இக்காசுகளின் உலோகத்தை ஆராய்ந்தபோது, சிலவற்றில் வெள்ளி மிகக் குறைவாக இருப்பதும் செம்புடன் ஆர்சனிக் கலக்கப்பட்டிருப்பதும் தெரியவந்தது. செம்புடன் ஆர்சனிக் சேர்த்தால் உலோகம் வெண்மையாகி வெள்ளியைப்போலத் தோன்றும். வெள்ளி கிடைக்காத ஒரு படை, வெள்ளி போன்ற ஒன்றைத் தன் வீரர்களுக்குக் கொடுத்தது என்பதை உலோகமே எடுத்துரைத்தது. அந்த ஆய்வுக்குத் தூண்டுகோலாக இருந்தது, ஒன்றாகப் புதைக்கப்பட்டு ஒன்றாகக் கிடைத்த ஒரு நாணயப் புதையல்.

தெனாரியஸ் எப்போது பிறந்தது?

இரண்டாம் பியூனிக் போர் கிமு 218 இல் தொடங்கியது. ஹன்னிபால் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து இத்தாலிக்குள் நுழைந்து, மூன்று ஆண்டுகளில் மூன்று பெரும் போர்களில் ரோமை வென்றார். ரோமின் நிதி நிலைமை சரிந்தது. முன்பு ஒரு ரோமானிய ராத்தலை, அதாவது சுமார் 324 கிராமை ஒட்டிய எடையில் வார்க்கப்பட்ட ‘ஆஸ்’ எனும் வெண்கலக் காசு, போரின் போக்கில் அதன் ஆறில் ஒரு பங்கு எடைக்கு இறங்கியது. வெள்ளிக்காசுகளின் தூய்மையும் குறைந்தது.

இறுதியில் பழைய முறையைக் கைவிட்டு ரோம் முற்றிலும் புதிய நாணய முறையை ஏற்படுத்தியது. சுமார் நாலரை கிராம் எடையுள்ள தெனாரியஸ் என்ற வெள்ளிக்காசு அதன் அச்சாணி. ஒரு பக்கம் தலைக்கவசம் அணிந்த ரோமா தெய்வத்தின் தலையும், பத்து ஆஸ் மதிப்பைக் குறிக்கும் எண்குறியும். மறுபக்கம் குதிரைகளில் பாய்ந்துவரும் இரட்டைத் தெய்வங்கள். அதன்பின் ஏறத்தாழ 450 ஆண்டுகள் ரோமின் முதன்மை வெள்ளிக்காசாக அது விளங்கியது.

தமிழர்களுக்கும் தெனாரியஸ் அந்நியமானதன்று. அகஸ்டஸ், திபேரியஸ் ஆகிய பேரரசர்களின் காலத்துத் தெனாரியஸ் காசுகள் மிளகும் முத்தும் ஏற்றிச்சென்ற வணிகத்தின் வழியே கொங்கு நாட்டுக்கு வந்து, கரூர், கோயம்புத்தூர் பகுதிகளில் புதையல்களாகக் கிடைத்துள்ளன. ஒரு போரின் நெருக்கடியில் பிறந்த காசு, இரு நூற்றாண்டுகளுக்குப் பின் தமிழகத்தின் வணிகக் காசாயிற்று.

ஆனால் இந்தக் காசு எந்த ஆண்டில் பிறந்தது என்ற கேள்வி நாணயவியலாளர்களை நெடுங்காலம் அலைக்கழித்தது. பண்டைய எழுத்தாளர் பிளினியின் கூற்றுப்படி அது கிமு 269 வாக்கில் தோன்றியது. 1932 இல் ஹெரால்ட் மேட்டிங்லி, எட்வர்ட் ராபின்சன் ஆகிய இரு பிரிட்டிஷ் அறிஞர்கள் கிமு 187 என்ற ஆண்டை முன்வைத்தனர். இரண்டுக்கும் இடையே 80 ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளி. உலகின் பெரிய தொகுப்புகள் அனைத்திலும் தெனாரியஸ் காசுகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. இருந்தும் அவற்றைப் பார்த்து மட்டும் இந்த வழக்கைத் தீர்க்க முடியவில்லை.

மோர்கந்தீனா தந்த விடை

தீர்வு பலேர்மோவிலிருந்து தென்கிழக்கே, சிசிலியின் நடுப்பகுதியில் அய்தோனே என்ற சிற்றூரின் அருகே கிடைத்தது. அங்குள்ள மேட்டுநிலத்தில் 1955 இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் அகழாய்வைத் தொடங்கியது. புதையுண்டிருந்த நகரத்தின் பெயர் அப்போது உறுதியாகத் தெரியவில்லை.

அகழாய்வில், ‘இஸ்பானோரும்’ என்று லத்தீனில் பொறித்த வெண்கலக் காசுகள் பெரும் எண்ணிக்கையில் வெளிவந்தன. ஸ்பானியர்களுடையது என்பது அதன் பொருள். கார்த்தேஜின் பக்கம் சாய்ந்த மோர்கந்தீனா என்ற நகரை ரோம் கைப்பற்றி, தனக்கு உதவிய ஸ்பானியக் கூலிப்படையினருக்குக் கொடையாகக் கொடுத்தது என்று வரலாற்றாசிரியர் லிவி எழுதியிருந்தார். இரண்டையும் இணைத்துப் பார்த்த கெனான் எரிம் என்ற தொல்லியலாளர், இந்த இடமே மோர்கந்தீனா என்று 1958 இல் எடுத்துக்காட்டினார்.

நகரின் பெயர் தெரிந்ததும், அதன் அழிவின் ஆண்டும் தெரிந்தது. ரோம் அதைக் கைப்பற்றியது கிமு 211 இல். அந்த அழிவின்போது இடிந்து விழுந்த மண்ணடுக்குகளின் கீழே, தெனாரியஸ் வரிசையைச் சேர்ந்த சிறு வெள்ளிக்காசுகள் கிடைத்தன. அப்படியானால் தெனாரியஸ் முறை கிமு 211 வாக்கில், அதாவது ஹன்னிபாலுடனான போரின் நடுவிலேயே பிறந்திருக்க வேண்டும். 1974 இல் வெளியான மைக்கேல் கிராஃபோர்டின் ரோமானியக் குடியரசு நாணயத் தொகுப்பு நூல் இந்தக் காலக்கணிப்பை ஏற்றது. இன்று அதுவே பெரும்பாலும் ஒப்புக்கொள்ளப்படுகிறது.

இந்த முடிவைத் தந்த காசுகள் அரியவையோ அழகானவையோ அல்ல. ஏலத்தில் வைத்தால் அவற்றுள் பல எவர் கவனத்தையும் ஈர்த்திரா. எந்த மண்ணடுக்கில், எந்தப் பொருள்களுடன் கிடந்தன என்ற தகவலே அவற்றை விலைமதிப்பற்றவையாக்கியது. ஒருவர் அவற்றை முன்பே தோண்டியெடுத்துச் சந்தையில் விற்றிருந்தால், காசுகள் அழிந்திரா. ஆனால் சான்று அழிந்திருக்கும்.

நூறு லிரா காசு

அந்த அச்சம் கற்பனையன்று. இதே மோர்கந்தீனாவில் 16 வெள்ளிப் பாத்திரங்களும் அணிகலத் துண்டுகளும் கொண்ட ஒரு தொகுதி திருட்டுத்தனமாகத் தோண்டியெடுக்கப்பட்டது. 1980-களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் அதை விலைக்கு வாங்கியது. ரோமானியப் படை நகரைச் சூழ்ந்தபோது வீட்டுக்காரர் ஒருவர் தம் செல்வத்தைத் தரைக்கடியில் ஒளித்துவைத்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் முடிவு.

பிற்பாடு மோர்கந்தீனா அகழாய்வை வழிநடத்திய மால்கம் பெல், அவ்வெள்ளி புதைக்கப்பட்டிருந்ததாகக் கருதப்பட்ட வீட்டை ஆராய்ந்தார். திருடர்கள் தோண்டிய குழியில் 1978 ஆம் ஆண்டு அச்சிடப்பட்ட நூறு லிரா இத்தாலியக் காசு ஒன்று கிடைத்தது. திருட்டு அந்த ஆண்டுக்கு முன் நடந்திருக்க முடியாது என்பதை அந்த நவீனக் காசு காட்டியது. 2006 இல் ஏற்பட்ட உடன்பாட்டின் பேரில் வெள்ளித் தொகுதி 2010 இல் இத்தாலிக்குத் திரும்பி, அய்தோனே அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது.

சட்டத்திற்குப் புறம்பான தோண்டல் அதோடு நின்றுவிடவில்லை. 2018 ஜூலையில் இத்தாலியப் பாரம்பரியப் பாதுகாப்புக் காவல் பிரிவும் யூரோபோல் அமைப்பும் இத்தாலி, பிரிட்டன், ஜெர்மனி, ஸ்பெயின் ஆகிய நாடுகளில் ஒரே நேரத்தில் தேடுதல் நடத்தின. சிசிலியில் தோண்டப்பட்ட பொருள்களைக் கடத்திய கும்பல் ஒன்று அதில் பிடிபட்டது. நடவடிக்கையில் மீட்கப்பட்ட ஏறத்தாழ 25,000 தொல்பொருள்களின் மதிப்பு 4 கோடி யூரோவுக்கு மேல் என்று யூரோபோல் அறிவித்தது.

இத்தாலியச் சட்டம் இவ்விஷயத்தில் தெளிவானது. 1909 ஆம் ஆண்டின் சட்டம் முதலே, மண்ணுக்கடியிலும் கடலுக்கடியிலும் கிடைக்கும் தொல்பொருள்கள் அரசுக்குச் சொந்தம். இப்போது நடைமுறையில் உள்ள 2004 ஆம் ஆண்டின் பண்பாட்டுச் சொத்துச் சட்டத்தின்படி, தற்செயலாக ஒன்றைக் கண்டெடுப்பவர் 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளிடம் தெரிவிக்க வேண்டும். அவருக்குப் பொருளின் மதிப்பில் கால் பங்கு வரை வெகுமதி கிடைக்கலாம். உரிய ஆவணங்களுடன் பழைய நாணயங்களை வைத்திருப்பதையோ வாங்குவதையோ சட்டம் தடைசெய்யவில்லை.

சேகரிப்பாளர்களின் தரப்பு

இந்தக் கண்டனங்களில் தங்கள் பங்களிப்பு மறக்கப்படுகிறது என்பது சேகரிப்பாளர்களின் வாதம். அவ்வாதத்துக்குப் பலேர்மோவிலேயே வலுவான ஆதாரங்கள் உண்டு. சிசிலியின் நாணயங்களைத் தொகுத்து விளக்கிய முன்னோடி நூலை பலேர்மோவைச் சேர்ந்த பிலிப்போ பரூத்தா 1612 இல் வெளியிட்டார். அதே நகரைச் சேர்ந்த தொர்ரெமூத்சா இளவரசர் கப்ரியேலே லான்சில்லோத்தோ காஸ்தெல்லி, சிசிலியின் நகரங்கள், மன்னர்கள் ஆகியோரின் நாணயங்களைப் பற்றிய பெருநூலை 1781 இல் கொண்டுவந்தார். இவர்கள் இல்லையென்றால் பல காசுகள் பொற்கொல்லரின் உலையில் உருகியிருக்கும்.

பலேர்மோ அருங்காட்சியகம் யாருடைய பெயரைத் தாங்கியிருக்கிறதோ அந்த அந்தோனினோ சலினாஸும் நாணயவியலாளரே. 1873 முதல் 1914 இல் இறக்கும் வரை அருங்காட்சியகத்தின் இயக்குநராக இருந்த அவர், தாம் சேர்த்த ஆயிரக்கணக்கான நாணயங்களை அதற்கே விட்டுச்சென்றார்.

தமிழகத்திலும் இதற்கு இணை உண்டு. தினமலர் நாளிதழின் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி, தாம் சேகரித்த காசுகளில் ஒன்றில் ‘பெருவழுதி’ என்ற தமிழ்ப் பிராமிப் பொறிப்பை 1980-களில் படித்தறிந்து வெளியிட்டார். சங்ககாலப் பாண்டியர் பெயர் பொறித்து நாணயம் வெளியிட்டனர் என்பது அதனால் உறுதிப்பட்டது. எழுத்துள்ள காசு, கிடைத்த இடம் தெரியாவிட்டாலும் தன் எழுத்தால் ஓரளவு பேசும்.

எழுத்தில்லாத செய்திகளுக்கோ முழுத் தொகுதியும் தேவை. 1898 இல் புதுக்கோட்டை அருகே கறுக்காக்குறிச்சியில் கிடைத்த 501 ரோமானியப் பொற்காசுகளில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேலானவை, பேரரசரின் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டப்பட்டிருந்தன. ஒரே ஒரு காசு மட்டும் கிடைத்திருந்தால் அது யாரோ செய்த சேதமாகத் தோன்றியிருக்கும். நூற்றுக்கணக்கில் சேர்ந்து கிடைத்ததாலேயே, அவை நாணயமாகப் புழங்குவதைத் தடுக்கவே திட்டமிட்டு வெட்டப்பட்டிருக்கலாம் என்ற கருத்து உருவாயிற்று.

சேகரிப்பாளர்கள் மேலும் ஒன்றைச் சுட்டிக்காட்டுகின்றனர். நாணயங்கள் இலட்சக்கணக்கில் அச்சிடப்பட்டு நாடு விட்டு நாடு சென்றவை. பல நூற்றாண்டுகளாகக் கைமாறி வருபவை. சிலையையோ ஓவியத்தையோ போல ஒவ்வொரு செப்புக்காசுக்கும் பிறப்புச் சான்று கேட்பது நடைமுறைக்கு ஒவ்வாது என்பது அவர்களின் வாதம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1997 முதல் செயல்படும் திட்டத்தின் கீழ், தனியார் கண்டெடுக்கும் பொருள்கள் இடக்குறிப்புடன் பதிவுசெய்யப்படுகின்றன. அத்தகைய ஏற்பாடு ஒளிவுமறைவைக் குறைக்கும் என்று சிலர் கூறுகின்றனர். தோண்டுவதையே அது ஊக்குவிக்கும் என்பது எதிர்த்தரப்பின் பதில்.

வாங்குவோர் கவனிக்கவேண்டியவை

இவ்விவாதம் எப்படி முடிந்தாலும், வாங்குவோரின் பொறுப்பு கூடிவருகிறது. பண்பாட்டுச் சொத்துகளின் சட்டவிரோத வணிகத்தைத் தடுக்கும் யுனெஸ்கோ உடன்படிக்கை 1970 இல் உருவானது. அதற்கு முன்பே ஒரு நாணயம் தொகுப்பு ஒன்றில் இருந்தது என்பதற்குப் பழைய ஏலப் பட்டியலோ பற்றுச்சீட்டோ இருந்தால் அது வாங்குவோருக்குப் பாதுகாப்பு. இத்தாலியுடன் 2001 இல் செய்த உடன்பாட்டின் இறக்குமதிக் கட்டுப்பாடுகளை அமெரிக்கா 2011 இல் சிலவகைப் பண்டைய நாணயங்களுக்கும் விரிவுபடுத்தியது.

ஆவணமில்லாத காசில் இன்னொரு ஆபத்தும் உள்ளது. 2012 ஜனவரியில் நியூயார்க் நாணயக் கண்காட்சி ஒன்றில், சிசிலியின் பண்டைய வெள்ளிக்காசுகளை விற்க முயன்ற ஒரு சேகரிப்பாளர் கைதானார். அவை அண்மையில் இத்தாலி மண்ணிலிருந்து தோண்டப்பட்டவை என்று அவரே நம்பியிருந்தார். மின்னணு நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது அவை போலிகள் என்று தெரியவந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்ட அவருக்குச் சமூகசேவைத் தண்டனை வழங்கப்பட்டது. மூலம் தெரியாத நாணயங்களை வாங்கி விற்பதன் தீமை குறித்து நாணயவியல் இதழ் ஒன்றில் கட்டுரை எழுதவேண்டும் என்பதும் தண்டனையின் ஒரு பகுதி.

இடத்தோடு சேர்ந்த காசு

சிசிலிக்கும் துனீசியாவுக்கும் இடையே உள்ள பந்தெல்லெரியா என்ற சிறு தீவு, பாதுகாக்கப்பட்ட இடம் எவ்வளவு தரமுடியும் என்பதை உணர்த்துகிறது. அத்தீவின் கரைக்கு அப்பால், கடலடியில் 2011 இல் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கார்த்தேஜின் வெண்கலக் காசுகள் கண்டெடுக்கப்பட்டன. அனைத்தும் முதலாம் பியூனிக் போர்க் காலத்தவை. அனைத்தும் ஒரே வகை. ஒரு பக்கம் பெண் தெய்வத்தின் தலை, மறுபக்கம் குதிரை.

ஒரு வணிகரின் பணப்பையில் பல ஊர்க் காசுகள் கலந்திருக்கும். ஒரே வகைக் காசு ஆயிரக்கணக்கில் ஓரிடத்தில் கிடந்தால், அது போருக்காக அரசு அனுப்பிய பணமாக இருக்கக்கூடும் என்று ஆய்வாளர்கள் ஊகிக்கின்றனர். இதே வகைச் செப்புக்காசு சந்தையில் தனியாகக் கிடைத்தால் பெரிய விலை பெறாது. இப்படியொரு செய்தியையும் அது சொல்லாது.

எகாதித் தீவுகளின் அருகே கிமு 241 கடற்போரின் எச்சங்களைத் தேடும் பணியிலும் இதே அணுகுமுறைதான் பின்பற்றப்படுகிறது. பலேர்மோவைத் தலைமையிடமாகக் கொண்ட சிசிலியின் கடல்சார் தொல்லியல் துறை, அமெரிக்க அறக்கட்டளை ஒன்றுடன் இணைந்து, போர்க்கப்பல்களின் முகப்பில் பொருத்தப்பட்ட வெண்கல முட்டுமுனைகளை 20-க்கும் அதிகமாக மீட்டுள்ளது. ஒவ்வொன்றும் கிடந்த இடம் குறிக்கப்பட்டதால் போர் நடந்த கடற்பரப்பை இப்போது வரைபடத்தில் காட்டமுடிகிறது.

பந்தெல்லெரியாவின் பண்டைய மேட்டுக்கோட்டைப் பகுதியில் 2010 இல் 107 ரோமானிய வெள்ளிக்காசுகள் கிடைத்தன. அதே இடத்தில் 2024 இல் மேலும் 27 காசுகள், மழையில் சரிந்த மண்ணுக்கிடையே வெளிப்பட்டன. அவை கிமு 94 முதல் 74 வரையிலான ஆண்டுகளில் அச்சிடப்பட்டவை. கடற்கொள்ளையர் தாக்குதலின்போது யாரோ ஒருவர் சுவரின் பொந்தில் ஒளித்துவைத்த பணமாக இருக்கலாம் என்று அகழாய்வாளர்கள் கருதுகின்றனர்.

இடைப்பட்ட 14 ஆண்டுகளில் அந்த இடம் அகழாய்வாளர்களின் பொறுப்பிலேயே இருந்தது. அதனால்தான் பின்னர் கிடைத்த காசுகளை முன்பு கிடைத்தவற்றுடன் ஒப்பிட்டு ஆராயவும், அவற்றை ஒளித்தவரின் அவசரத்தை ஊகிக்கவும் முடிந்தது.